எட்டாத கார்டுக்கு எந்த விரல்?

பியானோ பகுதி: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: கார்டுக்கு (பல ஸ்வரங்களை ஒன்றாக அடிப்பதற்கு) விரல் எட்டவில்லை. நானும் சின்னக் கைக்காரிதான். 30 வருடமாக வாசிக்கிறேன், 22 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கையை முழுதாக விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே 19 செ.மீ. ஆக்டேவ் (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை, இரண்டையும் சேர்த்து எட்டு வெள்ளை கீ) வசதியாக வரும். நைன்த் (ஒன்பது கீ), கீயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வரும். டென்த் (பத்து கீ) ஒருநாளும் வந்ததில்லை. அதனால் எல்லாப் பதிலையும் என் கையை வைத்தே சொல்கிறேன். விரல் எண்கள் வழக்கம்போல: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5.

கேள்வி: 34 வயதில் பியானோ கற்க ஆரம்பித்தேன். ஆக்டேவுக்கு மேல் போனால் கை இழுக்கிறது. இடது கையில் டென்த் வருகிற பக்கத்தைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு அதெல்லாம் வாசிக்க முடியுமா? (ஒரு வாசகி)

முடியும். முதலில் அளக்கிற ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு கீபோர்டு முன்னால் உட்காருங்கள். ஒரு சி நடுவிலிருந்து அடுத்த சி நடுவரை ஏறக்குறைய 16.5 செ.மீ. நைன்த் 19-க்குச் சற்றுக் குறைவு. வெள்ளை கீயிலிருந்து வெள்ளை கீக்குப் போகும் டென்த் 21-ஐத் தாண்டும். உங்கள் விரிப்பு எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். எது எட்டும், எது எட்டாது என்பது அப்போதே தெரிந்துவிடும். எட்டாததோடு மல்லுக்கட்டுகிற நேரம் மிச்சம்.

அளக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எல்லா டென்த்தும் ஒரே தூரம் இல்லை. சி–ஈ மேஜர் டென்த், டி–எஃப் மைனர் டென்த். காதுக்கு இரண்டாவது அரைப்படி சிறியது. கைக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டிலும் நடுவில் அதே எண்ணிக்கை வெள்ளை கீக்கள். எஃப்–ஏ ஃபிளாட்டோ (ஏ-க்கு இடது பக்கத்துக் கறுப்பு கீ) கிட்டத்தட்ட ஒரு செ.மீ. குறைவு. டி ஃபிளாட்–எஃப் 22 செ.மீ.க்கு மேல் போய்விடும். அதுமட்டும் இல்லை, அங்கே சுண்டுவிரல் உள்ளே கறுப்பு கீயின்மேல் ஏறி நிற்க, கட்டைவிரல் வெளியே வெள்ளையில் நிற்கவேண்டும், கை குறுக்காகத் திரும்பிவிடும். என்னிடம் ஒரு மாணவர் வருகிறார், நல்ல பெரிய கை. சி–ஈ அவருக்கு விளையாட்டு. டி ஃபிளாட்–எஃப் வந்தால் அவரும் என் வழிக்குத்தான் வருவார்.

சரி, என் வழி என்ன? இடது கைக்கு சி–ஜி–ஈ என்று ஒரு கார்டு, ஈ ஆக்டேவைத் தாண்டி மேலே. வலது கையில் அதற்கு மேலே இருக்கும் சி-யில் மெலடி. இதில் ஈ-யை வலது கைக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிடுங்கள். வலது கையில் ஈ–சி, அதாவது 1–5, வெறும் சிக்ஸ்த். இடது கையில் சி–ஜி மட்டும். கேட்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் அதே மூன்று ஒலிகள்தான் அதே நொடியில் வருகின்றன. கீழ் ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) அச்சாகியிருப்பதை இடது கைதான் வாசிக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு பென்சிலால் ஈ-யிலிருந்து மேல் ஸ்டாஃபுக்கு ஒரு கோடு இழுத்துவிடுங்கள், அடுத்த முறை கண் தானாகவே அங்கே போகும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கடன் வாங்கிய ஸ்வரம் கட்டைவிரலில் விழுவதால் சத்தமாகக் கேட்கும். அது துணை ஸ்வரம், மெலடி இல்லை. அந்த ஈ-யை மட்டும் பத்து தடவை மெதுவாக, மேல் சி-யை அழுத்தமாக வைத்துப் பழகுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

வலது கையும் நிறைந்திருந்தால் கார்டை உருட்டலாம், அதாவது ஸ்வரங்களை அடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக அடிக்கலாம், அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். அல்லது பாஸை (அடி ஸ்வரத்தை) மட்டும் இம்மி முன்னால் அடித்து, காலால் அழுத்தும் பெடலில் ஒலியைப் பிடித்துவைத்து, கையை மேலே நகர்த்தி மிச்சத்தை வாசிக்கலாம். எதுவும் சரிப்படாவிட்டால் ஒரு ஸ்வரத்தை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஒரே ஸ்வரம் இரண்டு இடத்தில் இருந்தால் உள்ளே இருப்பதை விடலாம். அடுத்தது கார்டின் ஐந்தாம் ஸ்வரம் (சி-யிலிருந்து எண்ணினால் ஜி), அது கூட்டியதாகவோ குறைத்ததாகவோ இல்லாதபட்சத்தில். பாஸையும் மேல் மெலடியையும் தொடக்கூடாது. மூன்றாம் ஸ்வரத்தை எடுத்தால் அது மேஜரா மைனரா என்றே தெரியாது. ஏழாம் ஸ்வரத்தை எடுத்தால் செவென்த் கார்டுக்கு உள்ள ஏக்கம் போய்விடும். உங்கள் சி–ஜி–ஈ-யில் ஜி-யை விடலாம். ஈ-யை விட்டால் அது வேறு கார்டு.

கேள்வி: இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) தொடக்கத்தை உருட்டித்தான் வாசிக்கிறேன். சில நேரம் பாஸ் காணாமல் போகிறது, சில நேரம் முந்தைய கார்டோடு கலந்து சேறாகிவிடுகிறது. உருட்டுவதே தப்பா? (இசைக் கல்லூரி மாணவர்)

தப்பே இல்லை. 1901-இல் அந்தக் கான்செர்ட்டோ முழுதாக முதல்முறை மேடையேறியபோது வாசித்தவர் ரஹ்மானினோவேதான், அவருக்குக் கை அத்தனை பெரியது. அந்தக் கையை மனதில் வைத்து எழுதியதை நாம் நம் கையால் வாசிக்கிறோம். முதல் கார்டில் இடது கைக்கு எஃப்–சி–ஏ ஃபிளாட். மைனர் டென்த், மேலே சொன்னேனே, டென்த்துகளில் சற்று இரக்கமான ஜாதி. அப்படியும் என் கைக்கு வராது. வலது கையும் நிறைந்திருக்கிறது, கடன் கேட்க ஆள் இல்லை. மேடையில் எத்தனையோ பேர் அந்த இடத்தை உருட்டித்தான் வாசிக்கிறார்கள்.

உங்கள் குறை பெடலில் இருக்கிறது, விரலில் இல்லை. சாதாரண கார்டுக்குப் பழகிய கால், கார்டு முழுதும் விழுந்தபிறகுதான் பெடலை மாற்றும். உருட்டும்போது அதற்குள் சுண்டுவிரல் பாஸை விட்டு எழுந்துவிட்டது. கால் மேலே போன அந்தச் சின்ன இடைவெளியில் பாஸ் அணைந்துவிடுகிறது. காணாமல் போவது இதனால். பயந்துபோய் பெடலை மாற்றாமலே விட்டால் சேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து: பாஸ் ஒலிக்கிற அதே கணத்தில் கால் மேலே வரவேண்டும், சுண்டுவிரல் கீயை விட்டு எழுவதற்குள் கால் திரும்பக் கீழே போயிருக்கவேண்டும். மற்ற ஸ்வரங்கள் ஏற்கெனவே திறந்திருக்கும் பெடலுக்குள் வந்து விழும்.

இதைப் பழக நான் செய்தது: கார்டை மறந்துவிட்டு எஃப் மட்டும் அடிப்பேன், கால் மேலே–கீழே, பிறகு கையை மடியில் வைத்துவிட்டுக் கேட்பேன். எஃப் இன்னும் ஒலிக்கிறதா? முந்தைய ஒலி துடைத்துப் போய்விட்டதா? இரண்டுக்கும் ஆமாம் என்று வந்தபின்தான் சி சேர்ப்பேன், அப்புறம் ஏ ஃபிளாட்.

அடுத்தது நேரம். உருட்டலில் கடைசியாக, உச்சியில் விழும் ஸ்வரம் தாளத்தில் உட்காரட்டும், பாஸ் இம்மி முன்னால் கிளம்பட்டும். குறிப்பாக மெலடி உச்சியில் இருந்தால் இது முக்கியம். பாஸைத் தாளத்தில் வைத்து மெலடியைத் தாமதமாக்கினால் ஒவ்வொரு பாரும் (தாளப் பிரிவும்) நொண்டும். இந்தத் தொடக்கத்தில் உங்கள் வலது கைக் கார்டும் இடது கைக் கட்டைவிரலின் ஏ ஃபிளாட்டும் ஒன்றாக விழவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிப்பதுபோல மெல்ல ஆரம்பித்துப் பெருகிப்போகும் இடம் அது. எட்டு கார்டையும் ஒரே வேகத்தில் உருட்டுங்கள், ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் உருட்டினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கை அசைவைப் பற்றி ஒரு வார்த்தை. 5–2–1 என்று எஃப், சி, ஏ ஃபிளாட். மூன்று விரலையும் மூன்று கீயின்மேல் விரித்துவைத்துக் காத்திருக்காதீர்கள். சுண்டுவிரல் எஃப்-ஐ அடித்ததும் அதன் வேலை முடிந்தது, அது எழுந்து மற்ற விரல்களோடு சேர்ந்துகொள்ளட்டும். ஆட்காட்டி விரலை அச்சாக வைத்து முன்கை கட்டைவிரல் பக்கம் உருளும். கதவுக் குமிழைத் திருப்புகிற அசைவு அது. ஏ ஃபிளாட்டில் கட்டைவிரல் போய் விழும்போது கை ஆக்டேவ் அளவுகூட விரிந்திருக்காது. நன்றாக உருட்டினால் பெரிய கார்டில் கை சின்னதாகவே இருக்கும்.

அச்சில் வரும் நெளிகோட்டையும் கவனியுங்கள். இரண்டு ஸ்டாஃபுக்கும் சேர்த்து ஒரே நீளமான நெளிகோடு என்றால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டம், இடது கை முடித்தபின் வலது கை. தனித்தனி நெளிகோடு என்றால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

கேள்வி: நான்கு ஸ்வரக் கார்டில் உள்விரல் 3-ஆ 4-ஆ என்று ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொன்று போடுகிறது. எதை நம்புவது? (வாசகர்)

மேல் இடைவெளியைப் பாருங்கள். வலது கையில் சி–ஈ–ஜி–சி: ஜி-யிலிருந்து சி ஃபோர்த், இடைவெளி பெரிது, அதனால் 1–2–3–5. சி–எஃப்–ஏ–சி: ஏ-யிலிருந்து சி தேர்டுதான், 1–2–4–5. இடது கையில் இதே கணக்கைக் கீழ்ப்பக்கம் போடவேண்டும்: சி–ஈ–ஜி–சி 5–4–2–1, சி–எஃப்–ஏ–சி 5–3–2–1. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில்தான் கை மிகக் குறைவாக விரியும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிக்கும் நடுவில்தான் மிக அதிகமாக. பெரிய இடைவெளியைக் கட்டைவிரல் பக்கம் தள்ளுகிற விரல் எண் எப்போதும் முதலில் முயன்று பார்க்கத் தகுந்தது.

கறுப்பு கீ வந்தால் கணக்கு மாறும். இடது கையில் டி–எஃப் ஷார்ப் (எஃப்-க்கு வலது பக்கத்துக் கறுப்பு கீ)–ஏ–டி-க்கு 5–3–2–1 எனக்கு இதமாக இருக்கிறது, ஏனென்றால் நீளமான நடுவிரல் உள்ளே இருக்கும் கறுப்பு கீயில் தானாகப் போய் உட்கார்கிறது. அச்சிட்ட விரல் எண் பெரும்பாலும் பதிப்பாசிரியருடையது, அவர் கைக்குப் பொருந்தியது. உங்கள் கைக்கு வேறு எண் வந்தால் அடித்துவிட்டு எழுதுங்கள். ஒன்றை முடிவு செய்தபின் தினமும் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

விரல்களை நெருக்குகிற கார்டுகளும் உண்டு. சி–டி–எஃப் ஷார்ப்–ஏ–சி என்று வலது கைக்கு ஐந்து ஸ்வரம். ஐந்து விரலாலும் வாசிக்கலாம், ஆனால் கை கிட்டித்துப்போகும். கட்டைவிரலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து சி-க்கும் டி-க்கும் நடுவே இருக்கும் கோட்டின்மேல் வையுங்கள், ஒரே விரல் இரண்டையும் அழுத்தும். எஃப் ஷார்ப்பில் 2, ஏ-யில் 3, மேல் சி-யில் 5. மணிக்கட்டு கொஞ்சம் தாழட்டும். முதலில் அந்த இரண்டு கீயை மட்டும் அடித்துக் கேளுங்கள். ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்தால் விரல் கோட்டிலிருந்து நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டா முதல் பகுதியில் 16-ஆவது பாரில் வலது கை பி–சி நைன்த். விரலைப் பிடித்துவைத்தால் வலிக்கிறது. (வாசகி)

பிடித்துவைக்கவே வேண்டாம். நைன்த் தேவைப்படுவது அடிக்கிற அந்தக் கணத்துக்கு மட்டும்தான். அதற்குப்பின் மேல் சி-யைத் தாங்குவது பெடல், சுண்டுவிரல் இல்லை. அடித்ததும் கையை மூடிக்கொள்ளுங்கள், மும்மை ஸ்வரங்களைச் சுருங்கிய கையால் வாசியுங்கள். இந்தப் பகுதி முழுவதையும் டாம்பர் இல்லாமல் (ஒலியை அணைக்கும் மெத்தைகளைப் பெடலால் தூக்கிவைத்து) வாசிக்கச் சொல்லியே பீத்தோவன் எழுதியிருக்கிறார், பெடலை நம்புவது அவர் மனதுக்கு விரோதம் இல்லை. நைன்த்தே எட்டவில்லையென்றால் கீழ் பி-யை இடது கைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அல்லது பி-யிலிருந்து சி-க்கு மிகச் சிறிதாக உருட்டுங்கள். 18-ஆவது பாரிலும் இதே இடைஞ்சல் வரும், அதற்கும் இதே விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் விரல்களை இழுத்துப் பயிற்சி செய்தால் கை விரியுமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். எனக்கு 17 வயதில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: இரவில் விரல்களுக்கு நடுவே கார்க் வைத்துக்கட்டித் தூங்கு, ஆறு மாதத்தில் டென்த் வந்துவிடும் என்று. நம்பினேன். மூன்றாவது வாரம் இடது கை மோதிர விரலிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு நரம்பைச் சுண்டி இழுத்ததுபோல வலி. தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. மூன்று மாதம் பியானோ மூடியே கிடந்தது. திரும்ப உட்கார்ந்தபோது விரிப்பை அளந்தேன்: அதே 19.

இசையமைப்பாளர் ஷூமன் பியானோ கலைஞராகத்தான் வர நினைத்தவர். 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் செயலிழந்து அந்த ஆசையே முடிந்துபோனது. விரல்களுக்காக ஒரு கருவியை அவர் பயன்படுத்திப் பார்த்தார். காரணம் அதுதானா என்று இன்றும் வாதாடுகிறார்கள், ஆனாலும் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு நினைவுக்கு வரும்.

வளர்ந்தபின் எலும்பு நீளாது. இறுக்கம் மட்டும் தளரும். அதற்கு வாசிக்கும்முன் கையை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வதும், கார்டு அடித்த உடனே விரிந்த கையை விட்டுவிடுவதும் போதும். ஷோபனின் முதல் எட்யூடை (பயிற்சிக்கான இசைத் துண்டு), ஓபஸ் 10 எண் 1-ஐப் பாருங்கள். சி–ஜி–சி–ஈ, 1–2–4–5, டென்த் அகலம். ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் பிடிப்பதே இல்லை. கை நகர்ந்துகொண்டே போகிறது. விரித்துப் பிடித்து வாசிக்க முயல்பவருக்கு முதல் பக்கத்திலேயே முன்கை கல்லாகிவிடும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். விரல் மரத்துப்போனாலோ, மறுநாளும் வலி இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சின்னக் கைக்கு ஏற்ற குறுகிய கீபோர்டு உண்டா? (வாசகர்)

உண்டு. யோசெஃப் ஹாஃப்மன் என்ற மாபெரும் கலைஞருக்காக ஸ்டெயின்வே நிறுவனமே கீக்களைக் குறுக்கிப் பியானோ செய்து கொடுத்தது. இப்போது ஆக்டேவ் 15.2 செ.மீ., 14 செ.மீ. அளவுகளிலும் கீபோர்டு செய்கிறார்கள். 14 செ.மீ. அளவில் வெள்ளை கீ டென்த் ஏறக்குறைய 18 செ.மீ.; என் கைக்கும் எட்டும். ஆனால் நீங்கள் போகிற மேடையில் அது இருக்காது. அதனால் வழக்கமான கீபோர்டுக்கும் ஒரு விரல் எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஆக்டேவ் எட்டாமல் அழுகிறாள். அவளுடைய ஆசிரியர் 'எட்டும்வரை முயற்சி செய்' என்கிறார். (ஒரு தாய்)

அவள் கை இன்னும் வளரப்போகிறது. அதுவரை வலது கை ஆக்டேவில் மேல் ஸ்வரத்தை மட்டும் வாசிக்கட்டும், மெலடி அங்கேதான் இருக்கும். இடது கை ஆக்டேவில் கீழ் ஸ்வரம் மட்டும், பாஸ் அங்கே. ஒற்றை ஸ்வரமாக வாசிக்கும்போதும் 5-ஆம் விரலையே போடச் சொல்லுங்கள், 1-ஆம் விரல் கூடவே காற்றில் தளர்வாக வரட்டும். பிறகு கை வளரும்போது அந்தக் கட்டைவிரல் கீழே இறங்கினால் போதும், புதிதாக விரல் எண் கற்கவேண்டியதில்லை. ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள், புத்தகத்தில் விடப்போகிற ஸ்வரங்களைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளே ஸ்கேலை வைத்து அளந்து, எட்டுகிற வட்டங்களை ஒவ்வொன்றாக அழிக்கட்டும்.